பேச்சுக்கு மட்டுமா செவி?

நுழையும்முன்

மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் ஓவியம் தீட்டினால் நாம் வியப்பதில்லை. காதொலிக் கருவி அணிந்த ஒருவர் வயலின் வாசிக்கிறார் என்றால் மட்டும் வியந்து நிற்கிறோம். கண்ணுக்கு ஒரு நீதியும் காதுக்கு ஒரு நீதியும் எவ்வாறு வந்தன?

ஒரே ஒரு வினா

செவித்திறன் குறைந்த ஒருவர்க்குக் காதொலிக் கருவியைப் பொருத்தியவுடன் எழுப்பப்படும் முதல் வினா, "நான் பேசுவது கேட்கிறதா?" என்பதே. கேட்கிறது என்று அவர் தலையசைத்துவிட்டால் கருவி தன் கடமையைச் செய்துவிட்டதாகக் கொள்கிறோம். பாட்டுக் கேட்கிறதா, கேட்டாலும் அது பாட்டாகவே கேட்கிறதா என்று வினவுவோர் மிகச் சிலரே. இந்த இரண்டாம் வினாவும் முதல் வினாவைப் போலவே இன்றியமையாதது என்பது என் கருத்து.

பேச்சுக்கு முதலிடம் தருவதில் தவறில்லை. குழந்தை மொழி பயில்வதும் தொழிலாளி பணியிடத்தில் எச்சரிக்கைக் குரலைக் கேட்பதும் பேச்சைக் கேட்பதைச் சார்ந்தே உள்ளன. எனவே சட்டமும் பேச்சையே அளவுகோலாகக் கொண்டது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), இரு செவிகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு உடையவரைக் காதுகேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. 'பேச்சு அதிர்வெண்கள்' என்னும் சொற்களைக் கவனியுங்கள். மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனத்தின் பெயரிலும் பேச்சும் கேட்டலும் இணைந்தே நிற்கின்றன. இசை எவருடைய பட்டியலிலும் இடம்பெறவில்லை. முதலிடம் பெற்ற ஒன்று நாளடைவில் ஒரே இடத்தையும் பிடித்துக்கொண்டது என்பதே என் குறைபாடு.

இது சிலரைப் பற்றிய செய்தியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 43 கோடிக்கும் மேற்பட்டோர் தம் செவித்திறன் இழப்பிற்காக மறுவாழ்வு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். அவர்களுள் பாடுவோர் இருப்பர். தாலாட்டுக் கேட்க விரும்புவோர் இருப்பர். ஊர்க்கோயிலில் ஆண்டுக்கணக்காக மேளம் வாசித்தே செவியை இழந்தவரும் இருப்பர்.

குறுகிப் போகும் வெளி

செவித்திறன் குறைவு என்றால் வானொலியின் ஒலியளவைத் தணித்து வைத்தது போன்ற நிலை எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வளவு எளியதாக இருந்தால், ஒலியைப் பெருக்கியவுடன் சிக்கல் தீர்ந்திருக்கும்.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுருளின் அடிப்பகுதியில் உள்ளவை உச்ச சுரங்களையும் நுனிப்பகுதியில் உள்ளவை மந்த்ர சுரங்களையும் ஏற்கின்றன. முதுமையாலும் பேரொலியாலும் முதலில் கெடுபவை பெரும்பாலும் அடிப்பகுதிச் செல்களே. ஒரே சுரத்தைப் புல்லாங்குழலும் வயலினும் இசைக்கும்போது இரண்டையும் நாம் பிரித்தறிவது, அச்சுரத்தோடு கலந்தொலிக்கும் மேற்சுரங்களால்தான். அம்மேற்சுரங்கள் மறைந்தால் சுரம் இருக்கும், குழல் இராது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. உணர்மயிர்ச் செல்கள் பழுதுற்ற செவிக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. வல்லொலியோ மற்றவர்க்குக் கேட்பது போலவே உரக்கக் கேட்கும், சிலவேளை வலியையும் தரும். கேளாமைக்கும் தாங்காமைக்கும் இடைப்பட்ட வெளி குறுகிவிடுகிறது. இசையின் மென்மையும் எழுச்சியும் வாழ்வது அந்த வெளியில்தான்.

பீத்தோவன் (1770 - 1827) இதற்குச் சான்று. தம் செவித்திறன் குன்றிவருவதை அவர் 1802இல் ஐலிகன்ஷ்டாட் என்னும் ஊரிலிருந்து தம் உடன்பிறந்தார்க்கு எழுதிய மடலில் வேதனையுடன் வெளியிட்டார். அருகில் நின்றவர்க்குக் கேட்ட குழலோசை தமக்குக் கேட்கவில்லை என்பதை அதில் குறிப்பிட்டுள்ளார். அம்மடல் அனுப்பப்படவே இல்லை. அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. 1824இல் வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது அவையின் கைத்தட்டல் அவர்க்குக் கேட்கவில்லை என்பதும், பாடகி ஒருவர் அவரை அவையை நோக்கித் திருப்பினார் என்பதும் யாவரும் சொல்லும் செய்தி. நான் அதற்குப் பத்தாண்டுகள் முற்பட்ட ஓர் ஒத்திகையையே மிகுதியாக நினைத்துப் பார்க்கிறேன். 1814இல் அவர் பியானோ வாசித்த அந்த ஒத்திகையை லூயி ஷ்போர் என்னும் வயலின் கலைஞர் நேரில் கண்டு தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். உரத்து ஒலிக்க வேண்டிய இடங்களில் கம்பிகள் நடுங்கும்படி பீத்தோவன் கட்டைகளை ஓங்கி அடித்தார். மென்மையான இடங்களில் அவர் விரல்கள் பட்டும் சுரங்கள் ஒலிக்கவே இல்லை. மெலிவும் வலிவும் தம் கையில் எந்த அளவில் பிறக்கின்றன என்பதை அறிய அவர்க்கு வழியில்லாமற் போயிற்று.

மனத்துள் இசையமைக்கும் ஆற்றலைக் கேளாமை அவரிடமிருந்து பறிக்கவில்லை. வாசிக்கும் ஆற்றலைப் பறித்தது. பீத்தோவனை எடுத்துக்காட்டி, 'மனம் இருந்தால் செவி எதற்கு?' என மேடையில் முழங்குவோர் இந்த இழப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் பயன்படுத்திய ஒலிக்கொம்புகள் இன்றும் பான் நகரில் அவர் பிறந்த இல்லத்தில் உள்ளன. மெல்ட்சல் என்பவர் செய்து கொடுத்தவை அவை. ஒலியைத் திரட்டிச் செவிக்குள் செலுத்துவதைத் தவிர அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது.

பேச்சைத் தேடும் கருவி

இன்றைய காதொலிக் கருவிக்குப் பல தெரியும். ஒலிவாங்கி பெற்ற ஒலியை எண்களாக மாற்றி, அதிர்வெண் வாரியாகப் பிரித்து, எந்தச் செவிக்கு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்போ அவ்வளவு பெருக்கித் தருகிறது. மெல்லிய ஒலியை மிகுதியாகவும் வல்லொலியைக் குறைவாகவும் பெருக்குகிறது. பீத்தோவன் இழந்த அந்த இடைவெளியை ஓரளவு மீட்டுத் தரும் கருவி இதுவே. இருநூறு ஆண்டுகளில் மாந்தர் அறிவு எட்டிய இந்த உயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் அக்கருவி ஓயாது பேச்சையே தேடுகிறது. ஒலி ஏறியிறங்கித் தொடர்ந்து மாறினால் அது பேச்சு. மாறாமல் நீடித்தால் இரைச்சல். மின்விசிறி, பேருந்தின் எந்திரம் ஆகியவற்றின் ஓசையைத் தணிக்க இந்த விதி பெரிதும் உதவுகிறது. ஆனால் தம்புரா? பாடுபவர்க்கு ஆதாரமாக மாறாமல் நீடிப்பதே அதன் பணி. இரைச்சல் தணிக்கும் அமைப்பு அதனையும் விசிறியின் ஓசையாகக் கருதித் தணிக்க முற்படலாம். புல்லாங்குழலின் நீண்ட தனிச்சுரத்திற்கு வேறோர் இடர். காதொலிக் கருவி சில வேளைகளில் தன் ஒலியைத் தானே மீண்டும் வாங்கிக் 'கீச்' என ஒலிக்கும். அக்கீச்சொலியை அடக்க ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறது. குழலின் சுரத்தை அது கீச்சொலி என்று மயங்கி அழிக்கப் பார்க்கும். சுரம் நடுங்கும், அறுந்து அறுந்து ஒலிக்கும். முன்னால் நிற்பவர் பேச்சை மட்டும் குவித்து வாங்கும் ஒலிவாங்கி, பாடுபவரின் இருபுறமும் அமர்ந்திருக்கும் வயலினையும் மிருதங்கத்தையும் ஒதுக்கிவிடும். கேட்க இயலாத உச்ச ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் அமைப்பு 'ச' போன்ற மெய்யொலிகளைக் கேட்கத் துணை செய்வது. இசையிலோ மேற்சுரங்களை இடம்பெயர்த்து, சேர்ந்த சுரத்தையும் அபசுரமாக்கிவிடும்.

வாசிப்பவர்க்கு வரும் துன்பம் இன்னும் பெரிது. எதிரில் இருப்பவர் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 65 டெசிபல். நாகசுரம், தவில், எக்காளம் போன்றவற்றின் அருகில் ஒலியளவு 100 டெசிபலையும் கடக்கும். பேச்சை எண்ணிச் செய்யப்பட்ட கருவிகள் பலவற்றின் நுழைவாயில் இத்தகைய ஒலியை முழுமையாக ஏற்பதில்லை. ஒலி உள்ளே நுழையும்போதே உருக்குலைந்துவிடுகிறது. பிறகு ஒலியளவை எவ்வளவு தணித்தாலும் அது சீராகாது. குத்தும்போதே நொறுங்கிய அரிசியை எத்தனை முறை புடைத்தாலும் முழு அரிசி கிடைப்பதில்லை அல்லவா? இச்சிக்கலை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் கனடா நாட்டுச் செவியியல் வல்லுநர் மார்ஷல் சேசின் ஓர் எளிய வழியைச் சொன்னார். கருவியின் ஒலிவாங்கித் துளைகளின்மேல் ஒட்டுநாடாவை ஓரிரு அடுக்காக ஒட்டிவிட்டால், உள்ளே நுழையும் ஒலி குறைந்து உருக்குலைவு நீங்கும் என்பதே அது. விலையுயர்ந்த கருவி செய்யத் தவறியதைச் சிறு நாடாத்துண்டு செய்கிறது! அண்மைக் காலத்தில் இந்நுழைவாயில் எல்லையை உயர்த்திய கருவிகளும் வந்துள்ளன. இசைக்கெனத் தனி அமைப்பும் பல கருவிகளில் உண்டு. அந்த அமைப்பைத் தெரிவு செய்தால் இரைச்சல் தணிப்பு, கீச்சொலி அடக்கம் போன்றவை விலகி நிற்கும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதே அதன் குறை. இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் பல்கலைக்கழகம் காதொலிக் கருவியும் இசையும் குறித்து நிகழ்த்திய ஆய்வில், கருவி பொருத்தும் அறையில் இசையைப் பற்றிய பேச்சே எழாதவர் பலர் எனத் தெரியவந்தது.

சுவரில் வைத்த கைகள்

இதுவரை செவியையும் கருவியையும் பற்றியே பேசினேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி இவ்விரண்டோடும் நில்லாதவர். 1965இல் பிறந்த அவர் உழவர் குடும்பத்துப் பெண். எட்டு வயதளவில் செவித்திறன் குறையத் தொடங்கியது; பன்னிரண்டு வயதிற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அந்த வயதில்தான் அவர் தாளக் கருவிகளின் பக்கம் திரும்பினார்.

பள்ளியில் அவருடைய ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் செய்தது எளிய செயல். இசையறையின் சுவரில் மாணவியின் கைகளை வைக்கச் சொல்லிவிட்டு, டிம்பனி என்னும் பெரிய செப்புமுரசுகளை ஒலித்துக் காட்டினார். தாழ்ந்த ஒலிகள் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்த ஒலிகள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் உணரப்படுவதை அம்மாணவி சிறிது சிறிதாகக் கண்டறிந்தார். அதிர்வை உணர்வதும் ஒலியைக் கேட்பதும் வெவ்வேறல்ல, ஒன்றின் இரு நிலைகளே என்பது அவர் பின்னாளில் வற்புறுத்திய கருத்து. காதொலிக் கருவி ஒலியை மிகுதிப்படுத்தினாலும் உடலின் உணர்வை மங்கச் செய்வதைக் கண்டு, வாசிக்கும்போது அதனை விலக்கி வைத்தார். மேடையில் காலணி அணியாமல் வாசிப்பதும் இதனாலேயே. (இங்கே ஓர் எச்சரிக்கை: இஃது அவர் செவிக்கும் அவர் கருவிக்கும் பொருந்திய முடிவு. குறைந்த இழப்புடையோர் இதனைப் பின்பற்றிக் கருவியைக் கழற்றி எறிதல் அறிவுடைமையாகாது.)

இலண்டனில் உள்ள அரசு இசைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, காதுகேளாத இசைக்கலைஞர்க்கு எத்தகைய எதிர்காலம் இருக்கும் எனத் தெரியாமல் முதலில் தம்மை மறுத்தனர் என்று அவர் தம் உரைகளில் கூறியுள்ளார். அவர் அம்மறுப்பை ஏற்கவில்லை. 'நன்றாக வாசிக்கவில்லை என்றால் மறுக்கலாம். வாசிப்பைக் கேட்டபின் செவியைக் காரணம் காட்டலாமா?' என்னும் வினாவின்முன் அவர்களால் நிற்க இயலவில்லை. அவர் சேர்க்கப்பட்டார். தனித்தாளக் கலைஞராகவே முழுநேர வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். 2012 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் முரசுக் கலைஞர்களுக்குத் தலைமை தாங்கி வாசித்தார். 2015இல் சுவீடனின் போலார் இசைப்பரிசைப் பெற்றார்.

இவரை 'அதிசயம்' என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை இல்லாமற் போகிறது. அதிசயங்கள் தாமே நிகழும். பள்ளியோ ஆசிரியரோ சட்டமோ எதையும் மாற்ற வேண்டுவதில்லை. கிளெனியின் வாழ்வில் நிகழ்ந்தவை அவ்வாறல்ல. சுவரில் கைவைக்கச் சொன்ன ஓர் ஆசிரியர் இருந்தார். மாற்றிக்கொள்ள முன்வந்த ஒரு நிறுவனம் இருந்தது. நாள்தோறும் பல மணிநேரப் பயிற்சி இருந்தது. இவற்றை ஏனையோர்க்கும் தரலாம். பிறவியிலேயே செவித்திறன் அற்ற ஆர்கன் கலைஞர் பால் விட்டேக்கர், அத்தகைய குழந்தைகளுக்கு இசை பயிற்றுவதற்கென்றே 1988இல் இங்கிலாந்தில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார்.

நம் கைக்கெட்டும் கருவிகள்

உடலால் கேட்பதற்கு நம் வாத்தியங்கள் இயல்பாகவே இடம் தருகின்றன. கடம் வாசிப்பவர் பானையின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார். மிருதங்கம் மடியிலும் காலிலும் படிந்து கிடக்கிறது. பறை தோளில் தொங்கி மார்பருகே அதிர்கிறது. வீணையின் குடம் மடியைத் தொட்டிருக்கிறது. இவற்றின் அதிர்வு காற்றில் மட்டுமன்றி எலும்பிலும் தசையிலும் நேரே செல்கிறது. செவிச்சுருளுக்குள் மின்முனைகளைப் பொருத்தும் அறுவை மருத்துவம் பெற்ற குழந்தைகளையும் இங்கே நினைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான செல்களின் வேலையை அங்கே இருபதையொட்டிய மின்முனைகளே செய்கின்றன. ஆதலால் சுரங்களின் ஏற்ற இறக்கம் அவர்களுக்குத் தெளிவாவதில்லை. தாளமோ நன்றாகவே பிடிபடுகிறது. பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பிவிடத் தோன்றும் குழந்தை, தாள வகுப்பில் முன்வரிசையில் அமரக்கூடியது.

'பேச்சைக் கேட்கவே கருவி கிடைக்காதோர் எத்தனையோ பேர் இருக்க, இசையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அன்றோ?' எனச் சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக்கருவி வழங்கும் நடுவணரசுத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் இருந்தும், கருவி சென்று சேராத சிற்றூர்கள் உள்ளன. ஆயினும், கொடுக்கப்பட்ட கருவியைச் சரியாக அமைத்துத் தருவதற்குக் கூடுதல் பொருள் தேவையில்லை. கூடுதலாக ஒரு வினாவும் சிறிது நேரமும் போதும். ஏழை எளியோரின் வாழ்வில் இசை ஆடம்பரம் என்பதையும் நான் ஒப்புவதற்கில்லை. நாற்று நடுகையிலும் தொட்டிலை ஆட்டுகையிலும் இழவு வீட்டிலும் பாடியவர்கள் அவர்களே.

இசையே வேண்டாம் என்று கூறும் காதுகேளாதோரும் உளர். சைகை மொழியே தம் தாய்மொழி என்றும், கேட்போரின் இன்பங்களால் தம்மை அளக்க வேண்டாவென்றும் அவர்கள் சொல்கின்றனர். அவர்கள் உரிமை அது. ஒருவர் வேண்டாம் என்று விலகுவதற்கும், அவரை வினவாமலே நாம் விலக்குவதற்கும் இடையே பெருந்தொலைவு இருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவன பெரியன அல்ல. செவித்திறன் சோதனை அறையில் பேச்சுச் சொற்களோடு ஒரு பாட்டும் ஒலிக்கட்டும். பள்ளி இசைப் போட்டியின் நடுவர்கள் காதொலிக் கருவியைக் கண்டு சலுகை மதிப்பெண் இடாமலும் ஒதுக்காமலும் வாசிப்பை மட்டும் கேட்கட்டும். கருவி அணிந்த மாணவர் மிருதங்கம் பயில்பவராயின் மிருதங்கத்தோடும், குழல் பயில்பவராயின் குழலோடும் வல்லுநரிடம் செல்லட்டும். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, அவர் வாசிக்க வாசிக்க, வல்லுநர் இரைச்சல் தணிப்பை நீக்கியும் சேர்த்தும் பார்த்து, எந்த நிலையில் ஆதார சுருதி விட்டுப்போகாமல் கேட்கிறது என்று அந்த மாணவரிடமே கேட்டறியட்டும்.